கசடுக்கு வயதாகட்டும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார். தெருமுனை மருந்துக்கடையில் சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று நாளைக்கு அசித்ரோமைசினோ ஐந்து நாளைக்கு அமாக்சிசிலினோ, ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் கிடைத்துவிடும். காய்ச்சல் விட்டதும் அந்த மருந்தை நாம் மறந்துபோகிறோம். ஆனால் விழுங்கிய அமாக்சிசிலினில் ஏறக்குறைய 60 சதவீதம் எந்த மாற்றமும் இல்லாமல் சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. சிப்ரோஃப்ளாக்சசினில் 40 முதல் 50 சதவீதம் அப்படியே சிறுநீரில் வருகிறது. அசித்ரோமைசின் பெரும்பாலும் பித்தநீர் வழியாக மலத்தோடு போகிறது. ஃப்ளஷ் பொத்தானை அழுத்தியதும் இவை எல்லாம் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கிவிடும்.

அதற்கப்புறம் இரண்டு வழி. பழைய சென்னை என்றால் பாதாளச் சாக்கடை வழியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையம் ஏதாவது ஒன்றுக்குப் போகும். வாரியத்தின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கும் மேல் சுத்திகரிக்கும் திறன் கொண்டவை. ஓ.எம்.ஆர். பக்கத்துப் பெரிய குடியிருப்பு என்றால் கட்டடத்தின் பேஸ்மென்ட்டிலேயே, கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே, ஒரு எஸ்டிபி, அதாவது சின்னக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், இருக்கும். என் பிழைப்பு இந்த இரண்டாவது வகையோடுதான். குடியிருப்புகளின் எஸ்டிபிகளை மேற்பார்வை செய்வதும், ஓடாமல் நின்றதை ஓடவைப்பதும் என் வேலை.

கொஞ்ச காலமாக அசோசியேஷன் கூட்டங்களில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்கிறார். "மேடம், நாம சாப்பிடற ஆன்டிபயாடிக் எல்லாம் எஸ்டிபியில போயிடுமா? இல்ல, செடிக்கு விடற தண்ணியிலயும் வருமா?" அவசியமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. மருந்துக்கு மருந்து பதில் மாறும். கீழே ஓடும் தொட்டியை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தும் மாறும்.

முதலில் அந்தத் தொட்டியைப் பற்றி. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-ல் ஒரு முறையை அறிவித்தார்கள். கழிவுநீரில் காற்றை ஊதினால் அதிலுள்ள பாக்டீரியா பெருகி அழுக்கைத் தின்னும். பிறகு காற்றை நிறுத்தினால் அவை கூட்டம் கூட்டமாக அடியில் படியும். மேலே தெளிந்த நீரை எடுத்துவிட்டு, படிந்த கசடை அடுத்த சுற்றுக்கு மறுபடியும் சேர்க்க வேண்டும். நம் வீட்டில் பழைய தயிரில் கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த நாள் பாலுக்கு உறை ஊற்றுவதில்லையா, அதே வேலைதான். கோயம்பேட்டில் நடப்பதும் பேஸ்மென்ட்டில் நடப்பதும் அடிப்படையில் இதுதான். பெனிசிலினை ஃபிளெமிங் கண்டறிந்தது 1928-ல். அதாவது ஆன்டிபயாடிக் என்ற ஒன்று மனிதன் கைக்கு வருவதற்கு முன்பே வடிவமைத்த முறை இது. இன்றும் ஒரு எஸ்டிபியைக் கட்டும்போது பிஓடி (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு குறையும், மிதக்கும் துகள் எவ்வளவு குறையும் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். மாதாமாதம் லேபுக்குப் போகும் சாம்பிளிலும் மருந்தைத் தேடுவதில்லை.

எங்கள் ஆபரேட்டர்களில் ஒருவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர். காலையில் வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், காற்று ஊதும் ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தண்ணீரை மொண்டு, சமமான இடத்தில் வைத்து, அரை மணி நேரம் தொடாமல் விடுவது. முதல் சில நிமிடம் ஜாடி முழுக்கப் பழுப்பாகக் கலங்கியிருக்கும். பிறகு பஞ்சு பஞ்சாகத் திரண்டு, மேலே ஒரு கோடு விழுந்து, அந்தக் கோடு கீழே இறங்கத் தொடங்கும். அரை மணி முடிவில் முந்நூறு, நானூறு மில்லி கோட்டருகே கசடு நின்று, மேலே தண்ணீர் தெளிந்திருந்தால் அவர் முகத்தில் நிம்மதி தெரியும். "மண்ணு வாசன வருது மேடம், நல்லா இருக்கு" என்பார். கறுத்துப்போய் அழுகின முட்டை வாடை வந்தால் ராத்திரி யாரோ காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் நுண்ணுயிரியல் படித்ததில்லை. ஆனால் ஜாடிக்குள் இருப்பது உயிர் என்பதை என்னோடு வேலை பார்த்த பல பொறியாளர்களைவிட நன்றாக உணர்ந்தவர் அவர்.

அந்த ஜாடிக்குள் மருந்துக்கு என்ன ஆகிறது?

அமாக்சிசிலின் வகை மருந்துகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அவற்றின் மூலக்கூறில் நான்கு மூலை கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. மருந்தின் பலமே அந்த வளையம்தான், பலவீனமும் அதுதான். தண்ணீரிலேயே மெல்ல உடையும். பாக்டீரியாவின் நொதி பட்டால் சீக்கிரம் உடையும். நாம் அதிகமாக விழுங்கும் மருந்தாக இருந்தும் வெளியேறும் நீரில் அது குறைவாகவே தென்படுவதற்கு இதுதான் காரணம்.

சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் கதை வேறு. நீரை அளந்தால் உள்ளே வந்ததில் 80, 90 சதவீதம் காணாமல் போயிருக்கும். அறிக்கையில் "நீக்கம் 85%" என்று போடலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே மனம் உறுத்தும். ஏனென்றால் மருந்து உடையவில்லை, கசடில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரிய நிலையங்களில் அந்தக் கசடைக் காற்றில்லாத செரிமானக் கலனில் போட்டுச் சாண எரிவாயு மாதிரி வாயு எடுக்கிறார்கள். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் அந்த வாயுவில் மின்சாரமும் தயாரிக்கிறார்கள். அந்தக் கலனையும் தாண்டி இந்த ஃப்ளூரோகுயினலோன் வகை பெருமளவு அப்படியே நிற்கும் என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெயில் பட்டால் சிப்ரோ உடையும், உண்மைதான். ஆனால் கசடுக் குவியலின் மேல்தோலுக்கு மட்டும்தான் வெயில் படுகிறது.

சல்ஃபாமெத்தாக்சசோல் இன்னும் விசித்திரம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் சல்ஃபா மாத்திரையில் இருப்பது. நம் கல்லீரல் அதன் மேல் ஒரு அசிட்டைல் தொகுதியை மாட்டிச் செயலிழக்கச் செய்துதான் பெரும்பகுதியை வெளியே அனுப்புகிறது. தொட்டியில் இருக்கும் பாக்டீரியா அந்தத் தொகுதியைக் கழற்றி எடுத்துவிடும். மருந்து பழையபடி மருந்தாகிவிடும். உள்ளே வரும் நீரில் இருந்ததைவிட வெளியேறும் நீரில் மருந்து கூடுதலாக இருந்த ஆய்வுகள் உண்டு. அசித்ரோமைசின் வகையிலும் இப்படி நடக்கும். மலத்துக்குள் பொதிந்து வந்தது தொட்டியில் கரைந்து வெளிப்படும்போது அளவு ஏறும். சல்ஃபா மாத்திரையில் கூடவே இருக்கும் டிரைமெத்தோபிரிம் சாதாரணத் தொட்டிகளில் வந்த மாதிரியே போய்விடுகிறது.

ஆகவே "எத்தனை சதவீதம் நீங்கியது" என்று கேட்பதோடு நிறுத்தினால் போதாது. உடைந்ததா, இடம் மாறியதா என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு கவலையைச் சொல்வார்கள். ஆன்டிபயாடிக் என்றால் பாக்டீரியாவைக் கொல்வதுதானே, அப்படியானால் எஸ்டிபியில் இருக்கும் பாக்டீரியா செத்துவிடாதா? என் அனுபவத்தில் எஸ்டிபியைச் சாகடிப்பது ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், கழிவறை ஆசிட், திருமண மண்டபத்து எண்ணெய். வீட்டுக் கழிவுநீரில் மருந்து லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில்தான் வருகிறது. அந்த அளவு பாக்டீரியாவைக் கொல்லாது. பழக்கிவிடும். பயம் அதில்தான் இருக்கிறது. வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான அளவில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலே, சில மருந்துகளில், எதிர்ப்பு உள்ள பாக்டீரியா மற்றதை முந்திப் பெருகத் தொடங்கும் என்று ஸ்வீடனில் 2011-ல் காட்டினார்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இப்படித் தேர்வு நடக்காத பாதுகாப்பான அளவு என்று பரிந்துரைப்பது லிட்டருக்கு 0.06 மைக்ரோகிராம்தான். ஏரேஷன் டேங்கில் குடலிலிருந்து வந்த பாக்டீரியாவும் மண்ணில் வாழும் பாக்டீரியாவும் நெருக்கியடித்துக்கொண்டு, நிறைய உணவோடு, சென்னையின் சூட்டில் இருக்கின்றன. எதிர்ப்பு மரபணுவை ஒன்று இன்னொன்றுக்குக் கைமாற்ற இதைவிட வசதியான இடம் கிடைப்பது கடினம்.

சென்னைக்காரர்கள் இதை யாரோ எங்கோ சொல்லும் விஷயமாக நினைக்க முடியாது. 2010-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் என்டிஎம்-1 ('நியூ டெல்லி' என்று தொடங்கும் பெயரின் சுருக்கம்) என்ற எதிர்ப்பு மரபணு பற்றி வந்த, உலகத்தையே உலுக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி. தரமணியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக ஏ.எல்.எம். நிறுவனத்து ஆய்வாளர். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையே செல்லாக்காசாக்கும் அந்த மரபணு கொண்ட பாக்டீரியா மாதிரிகள் சென்னையிலிருந்தும் அதில் இருந்தன. பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி நாடே சண்டை போட்டது. அடுத்த ஆண்டே டெல்லியில் தெருவில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் 2-லும் அந்த மரபணு இருந்ததாக இன்னொரு கட்டுரை வந்தது. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு திட்டம் போட்டன. அதற்குச் 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர். மருத்துவமனைக்குள் என்ன செய்யலாம், மருந்துக்கடையில் என்ன செய்யலாம் என்று நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கழிவுநீர்த் தொட்டியைப் பற்றிப் பேசியது மிகவும் குறைவு.

சரி, தொட்டியில் என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால் முதலில் அவகாசம் கொடுக்க வேண்டும். எங்கள் துறையில் 'கசடு வயது' என்று ஒன்று சொல்வோம். ஒரு பாக்டீரியா சராசரியாக எத்தனை நாள் தொட்டிக்குள் இருந்துவிட்டு வெளியேற்றப்படுகிறது என்பது. சாதாரண முறையில் ஐந்து முதல் பத்து நாள். அழுக்கைத் தின்று வேகமாகப் பெருகும் பாக்டீரியாவுக்கு அது போதும். ஆனால் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் இனங்கள் மெல்ல வளர்பவை. சீக்கிரம் சீக்கிரம் கசடை வெளியே எடுத்தால் அவை நிலைகொள்ளாமலே அடித்துச் செல்லப்பட்டுவிடும். அவை இருந்தால் ஒரு கூடுதல் லாபம் உண்டு. அம்மோனியாவைப் பிடிக்க அவை வைத்திருக்கும் நொதி ஆள் பார்ப்பதில்லை. பக்கத்தில் வரும் மருந்து மூலக்கூறுகள் சிலவற்றையும் சேர்த்துக் கடித்துவிடும். அதனால் அந்த பாக்டீரியாவுக்கு உணவு கிடைப்பதில்லை, வேலை மட்டும் நடக்கிறது. சுவிட்சர்லாந்தில், கசடைப் படியவிடாமல் சவ்வால் வடிகட்டிப் பிரிக்கும் ஒரு சவ்வுத் தொட்டியில் கசடு வயதை 60 முதல் 80 நாள் வரை நீட்டியபோது, எதற்கும் மசியாத டிரைமெத்தோபிரிம்கூட 90 சதவீதம் வரை குறைந்தது.

ஓ.எம்.ஆர். குடியிருப்புகளின் எஸ்டிபிகளில் நீண்ட காற்றூட்டல் முறையோ எம்பிஆர் என்ற சவ்வுத் தொட்டியோ இருப்பது பரவலாகக் காணக்கூடியதுதான். இருபது முப்பது நாள் வயதுக்குக் கசடை வளர்க்க வசதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதை வீணாக்குவது கரன்ட் பில். ப்ளோயர் ஓடினால் மீட்டர் ஓடும். பில்லைப் பார்த்துவிட்டு "ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஆஃப் பண்ணிடுங்க" என்று உத்தரவு வரும். ராத்திரிதோறும் இப்படிக் காற்றில்லாமல் போனால் நைட்ரேட்டாக்கும் இனங்கள்தான் முதலில் சோர்ந்துபோகும். அவை அடித்துச் செல்லப்பட்டுவிட்டால் திரும்பி வர வாரக்கணக்காகலாம். பார்வைக்குத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், பிஓடியும் தேறிவிடும், யாருக்கும் தெரியாது. நான் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் அம்மோனியா அளவை வாராவாரம் சின்ன கிட் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மருந்தை அளக்க விலையுயர்ந்த எல்சி-எம்எஸ் கருவி வேண்டும். அம்மோனியா குறைந்திருக்கிறதா என்பதை ஆபரேட்டரே குப்பியின் நிறத்தில் பார்த்துவிடலாம். அது குறைந்திருந்தால் மெல்ல வளர்பவை உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

ஆன்டிபயாடிக்கையே உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியாவும் உண்டு. 2008-ல் அமெரிக்க மண்ணில் அப்படிப்பட்டவை ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். சவ்வுத் தொட்டிக் கசடிலிருந்து பிரித்தெடுத்த மைக்ரோபாக்டீரியம் பிஆர்1 என்ற ஒன்று சல்ஃபாமெத்தாக்சசோலை உடைத்து அதிலிருந்தே உயிர் வாழ்கிறது. இதைக் கேட்டதும் பாக்கெட்டில் போட்டு விற்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். இப்போதே "கல்ச்சர்" என்று சொல்லி என்னென்னவோ பொடியை ஆபரேட்டர் தலையில் கட்டுகிறார்கள். வெளியிலிருந்து போடும் பாக்டீரியா, ஏற்கெனவே இடம்பிடித்திருக்கும் கூட்டத்தோடு போட்டியிட்டு நிலைப்பது அபூர்வம். தொட்டியிலேயே இருப்பதை வளரவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

மரத்தைத் தின்னும் வெண்காளான்கள் இன்னொரு வழி. டிராமீட்டெஸ் வெர்சிகலர் என்ற காளான், மரத்தின் லிக்னினை உடைக்க விடும் லக்கேஸ் போன்ற நொதிகள் பல மருந்துகளையும் சிதைக்கின்றன. ஸ்பெயினில் மருத்துவமனைக் கழிவுநீரையே இதில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காளானுக்குச் சற்றுப் புளிப்பான நீர் வேண்டும், சாக்கடை பாக்டீரியா உள்ளே வந்தால் சீக்கிரம் தோற்றுவிடும். நகரத்துக்கே இதை வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனை வளாகத்துக்குள், முதல் கட்டமாக, மருந்து அடர்த்தியாக இருக்கும் இடத்தில் முயலலாம். செடிகளைப் பொறுத்தவரை எனக்கு ஆசை அதிகம். கல்வாழையும் சம்பும் நட்ட சரளைப் படுகையில் வேரருகே காற்றும், சற்றுத் தள்ளிக் காற்றில்லாத இருட்டும் மாறி மாறி இருப்பதால் பலவகை நுண்ணுயிர்களுக்கு இடம் கிடைக்கிறது. நம் வெட்டிவேரே நீரிலிருந்து டெட்ராசைக்ளினை உறிஞ்சுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். இதற்கு இடம் வேண்டும். சென்னையில் மனை விலைக்கு யார் கொடுப்பார்கள்? கல்லூரி வளாகங்களில் செய்யலாம், செய்ய வேண்டும்.

உயிரியல் முறை எல்லாவற்றையும் தாங்கும் என்றும் சொல்லிவிடக் கூடாது. ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில், ஏறக்குறைய 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-ல் வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவரின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். அந்த அளவை எந்தக் கசடும் தாங்காது. அதை ஆலைக்குள்ளேயேதான் தடுக்க வேண்டும். 2020 ஜனவரியில் மத்திய அரசு ஆலைக் கழிவில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் வரம்பு வைத்து வரைவு வெளியிட்டபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். 2021-ல் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் உற்பத்திக் கழிவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்ட பிறகாவது அதைத் திரும்ப எடுத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சென்னைக்கு இதில் கூடுதல் அவசரம் இருக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. அந்த நீர் ஆலைகளுக்குப் போகிறது. ஆர்.ஓ. சவ்வு மருந்தைத் தடுத்துவிடும், ஆனால் அழிக்காது. தடுத்தது எல்லாம் ரிஜெக்ட் நீரில் செறிந்து நிற்கும். நெசப்பாக்கத்தில் சுத்திகரித்த நீரை நுண்வடிகட்டி வழியாகப் போரூர் ஏரிக்கு விடும் திட்டமும் இருக்கிறது. நான் அதற்கு எதிரி இல்லை, இந்த ஊருக்கு வேறு வழியில்லை. நுண்வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், கரைந்திருக்கும் மருந்தைப் பிடிக்காது. அதனால் வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் உயிர்த்தொட்டியில்தான் மருந்து உடைந்தாக வேண்டும். பெருங்குடி நிலையத்தின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற இடம். அங்கே கால் வைக்கும் பூநாரைக்கும் நத்தைக்குத்தி நாரைக்கும் நம் கசடு வயதில் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பெரிய நகரங்களுக்கு, மருந்து போன்ற நுண்மாசுகளை நீக்கும் நான்காம் கட்டச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கி, செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, ஒப்பனைப் பொருள் உற்பத்தியாளர்கள் தலையில் வைத்தது. அந்தக் கட்டத்துக்குப் பயன்படும் ஓசோனும் கரியும் இங்கேயும் ஒருநாள் வரட்டும். அதுவரை இருக்கும் தொட்டியை ஒழுங்காக ஓட்ட யார் அனுமதியும் வேண்டியதில்லை.

செடிக்கு விடும் தண்ணீரைப் பற்றி அசோசியேஷனில் நான் சொல்வது: புல்தரைக்கும் குரோட்டனுக்கும் தாராளமாக விடுங்கள், சொட்டுநீராக விட்டால் இன்னும் நல்லது. மாடித்தோட்டத்துக் கீரைக்கும் வெங்காயத்தாளுக்கும் வேண்டாம். எஞ்சிய மருந்துக்கும் மரபணுவுக்கும் பச்சையாகத் தின்னும் இலைதான் நம் குடலுக்குக் குறுக்குவழி.

கசடைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. சிப்ரோ எங்கே ஒளிந்திருக்கிறதோ அதை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, கேக்காக்கி, மூட்டை கட்டித் தோட்டத்தில் எருவாகப் போடுகிறார்கள். அல்லது லாரிக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். எருவாக்குவதென்றால் தேங்காய் நார்க்கழிவோ காய்ந்த இலையோ கலந்து, குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறிப் பல நாள் நிற்கும்படி, புரட்டிப் புரட்டி மக்கவைக்க வேண்டும். டெட்ராசைக்ளின் வகை இதில் நன்றாகக் குறையும், நோய்க்கிருமிகளும் சாகும். ஃப்ளூரோகுயினலோன் முழுதாகப் போகாது. ஆகவே அப்படி மக்கியதையும் அலங்காரச் செடிக்கு மட்டும் போடச் சொல்கிறேன். லாரியில் அனுப்புவதென்றால் எந்த நிலையத்தில் இறக்கினார்கள் என்று தேதி, நேரத்தோடு ரசீது வாங்கி எஸ்டிபி நோட்டில் ஒட்டுங்கள். ரசீது தராத லாரி ராத்திரியில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமோ காலி மனையிலோதான் குழாயைத் திறக்கும். அப்படித் திறந்தால், கீழே பேஸ்மென்ட்டில் ஒரு மனுஷன் காலை ஐந்து மணியிலிருந்து ஜாடியைப் பார்த்துப் பார்த்துப் பிடித்து வைத்த மருந்து மொத்தமும் திரும்பத் தண்ணீருக்கே போய்விடும்.